அத்திபெலே சைட்டும் அம்மாவின் கடலும்

என் செல்ல நைனாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "எனக்கு இன்னாடி கேடு?" என்பாய். அதனால் கேட்கவில்லை. பெங்களூர் மர்பி டவுனில், தங்கச்சி வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கீழே அம்மா பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் சிரிக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் போகிறது.

கெட்ட செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நிதானமாகத் திட்டிக்கொள். நீ வாங்கிப்போட்ட அத்திபெலே சைட்டில், அந்தக் காலி மனையில், அம்மாவுக்கு நான் வீடு கட்டப்போவதில்லை. ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவ சொந்த வீட்ல உக்கார வெக்கிறேன் நைனா" என்று சொன்னவள் நான்தான். மறக்கவில்லை.

மறக்க விட்டாயா நீ? வாரம் முழுக்க ஷெட்டில் பஸ்களுக்குப் பெயின்ட் அடிப்பாய். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கள் மூன்று பேரையும் கிளப்பிக்கொண்டு ஓசூர் பஸ் ஏறிவிடுவாய். ஊரே லால்பாகுக்கும் சினிமாவுக்கும் போகும். நாம் மட்டும் நாலு கல் நட்ட பொட்டலைப் பார்க்கப் போவோம்.

நீ குச்சியால் மண்ணில் கோடு போடுவாய். இது ஹால், இது அடுப்படி, இங்கே புத்தர் படத்துக்கு ஒரு மாடம். தங்கச்சி தெரியாமல் கோட்டைத் தாண்டி ஓடினால் போச்சு. "ஏய், செவுத்துல பூந்து போறியே, வாசப்படி எதுக்கு வெச்சிருக்கேன்?" என்று கத்துவாய். அம்மாவும் சும்மா இல்லை. இல்லாத வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, இல்லாத அடுப்படியில் உட்கார்ந்து நமக்குச் சித்ரான்னம் பரிமாறுவாள். பக்கத்தில் மாடு மேய்க்கிறவர் நம்மைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

அந்தக் கோடுகளைச் சுவராக்கத்தான் நான் கடல் தாண்டினேன். நீ கண்மூடிய மறுவருடம், மொரீஷியஸில் ஒரு தையல் ஃபாக்டரிக்கு சூப்பர்வைசர்கள் வேண்டும் என்று பெங்களூர் கார்மென்ட்ஸ் ஆட்களைத் தேடி வந்தார்கள். நானும் உன் மருமகனும் கிளம்பிவிட்டோம். கொஞ்ச நாள் கழித்து அம்மாவையும் அழைத்துக்கொண்டோம். வீடு கட்டும் வரைக்கும்தான் என்று பேச்சு.

வந்த புதிதில் அம்மா என்னைப் படுத்திய பாடு கொஞ்சமா? "ஃபேனே இல்லாத ஊர்ல பொறந்தவடி நான்" என்று முந்தானையால் விசிறிக்கொண்டே இருப்பாள். தமிழ் தெரியாதவர்களிடம் கன்னடத்தில் பேச வேண்டும் என்பதுதானே நம் வீட்டு வழக்கம்? முதல் நாளே மீன்காரரிடம் போய், "எஷ்டப்பா? ஸ்வல்ப கம்மி மாடு" என்று விலையைக் குறைக்கச் சொன்னாள். அந்த ஆளுக்கு என்ன புரிந்ததோ, சிரித்துக்கொண்டே ஒரு மீனைக் கூடப் போட்டுக் கொடுத்தார்.

அந்த மீனால் வந்தது கூத்து. பெங்களூரில் ஐஸில் கிடந்த மீனையே வாங்கிப் பழகியவள் இல்லையா அம்மா? படகிலிருந்து அப்போதுதான் இறங்கிய மீன்; எண்ணெயில் போட்டதும் ஒவ்வொரு துண்டும் வளைந்து எழும்பியது. "உயிரோட இருக்குதுடி!" என்று கரண்டியை எறிந்துவிட்டு வாசலுக்கே ஓடிவிட்டாள்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா வந்தார். மாரிமுட்டூ என்று பெயர். நம் ஆட்கள்தான், கொள்ளுத்தாத்தா காலத்தில் கப்பலேறிப் போனவர்கள். மாரிமுத்து அங்கே மாரிமுட்டூ ஆகிவிட்டார். பேச்சில் தமிழ் இல்லை, அந்த ஊர்ப் பாஷையான கிரியோல்தான். புதிய மீன் அப்படித்தான் வளையும் என்று கையாலேயே நடித்துக் காட்டி, மிச்சத் துண்டுகளையும் அவரே வறுத்து வைத்தார். அன்றைக்குப் பிடித்த சிநேகிதம். இவள் தமிழும் கன்னடமும், அவர் கிரியோல். என்னதான் பேசிக்கொள்வார்களோ, எனக்கு இன்று வரைக்கும் விளங்கவில்லை.

வீடு என்று பார்த்தால் இரண்டே ரூம், தகரக் கூரை. பீரோ இல்லை, ஷோகேஸ் இல்லை. துடைக்க ஒன்றும் இல்லாததால் அம்மாவுக்கு நாளெல்லாம் நேரம். சாயங்காலம் நான் ஃபாக்டரி விட்டு நடந்தே வீடு வந்து சேர்கிறேன். பெங்களூரில் இரண்டு பஸ் மாறி, நெரிசலில் நசுங்கி, வந்ததும் யார் மேலாவது எரிந்து விழுவேனே, அந்தக் கலாவை உனக்கு நினைவிருக்கும். அவளை இப்போது காணோம்.

சந்து முடிகிற இடத்தில் கடல். போய்ப் பார்த்தால் அம்மாவும் மாரிமுட்டூ அம்மாவும் புடவையையும் பாவாடையையும் முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் சின்னச் சின்னச் சிப்பிகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். ராத்திரிக்கு அதுதான் குழம்பு. "நல்லா இருக்கியாம்மா?" என்றால், "கொரெக்" என்கிறாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்பதற்கு அங்கே அதுதான் சொல். நீ கடலைப் பார்த்திருக்கிறாயா நைனா? ஒரு தடவைகூட நான் உன்னைக் கேட்டதில்லை.

நானும் அங்கே சந்தோஷமாக இருக்கிறேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. உனக்காக வீடு கட்டக் கிளம்பிப் போனவள், வீட்டையே மறந்துபோகிற அளவுக்குச் சந்தோஷமாக இருக்கிறேன். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இந்த வருடம் லீவு போட்டு, அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தேன். அஸ்திவாரம் போட்டுவிட்டு, வீடு முடிகிற வரைக்கும் அவளைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு.

போன ஞாயிற்றுக்கிழமை அத்திபெலே போனோம். வழியெல்லாம் கண்ணாடிக் கட்டிடங்கள். நம் சைட்டைச் சுற்றி மாடிவீடுகள் வந்துவிட்டன. நீ சொன்னபடியே ஊர் அங்கே வந்துவிட்டது, உனக்குத்தான் அவசரம். மேஸ்திரி முளையடித்து நூல் கட்டினார்.

"அம்மா, கிச்சன அக்னி மூலைல வெச்சிடலாமா?" என்று அவர் கேட்டார். அம்மா என் பக்கம் திரும்பி, "ஏண்டி, நமக்குப் பிளேன் என்னிக்கு?" என்றாள்.

"நமக்கா? நீ இங்கதானேம்மா இருக்கப் போற?"

"நான் இருக்க மாட்டேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்போ யாருக்கும்மா இந்த வீடு? உனக்குன்னுதானே நைனா அலைஞ்சாரு?"

அம்மா நூலைத் தாண்டாமல், சுற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். "இந்த வீட்ல நான் வாழ்ந்துட்டேன்டி. எத்தினி ஞாயித்துக்கிழமை! உங்க நைனா ஹால்ல உக்காந்து சாப்புடுவாரு, நான் அடுப்படிலேர்ந்து போட்டுக்குனே இருப்பேன். ஜன்னல் எங்க வெக்கிறதுன்னு சண்டகூட போட்டிருக்கோம். அந்த மனுசன் இல்லாம, அதே வீட்ல என்னைத் தனியா உக்கார வெக்கப் போறியா?"

மேஸ்திரி நூலைச் சுற்ற ஆரம்பித்தார். பஸ்ஸில் நான் அழுதுகொண்டு வந்தேன். அம்மா என் தோளில் கை போட்டுக்கொண்டு, சில்க் போர்டு வருகிற வரைக்கும் வேர்க்கடலை தின்றுகொண்டு வந்தாள்.

சைட்டைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டோம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாடகை வீடு மாறி மாறி அவள் சலித்துவிட்டாள். அவள் கட்டட்டும், ஜன்னலை அவள் இஷ்டப்படி வைத்துக்கொள்ளட்டும். நாளைக்கு எங்களுக்குப் பிளேன். மாரிமுட்டூ அம்மாவுக்கு என்று மைசூர்பாக்கும் கனகாம்பர விதையும் வாங்கி வைத்திருக்கிறாள் உன் பெண்டாட்டி. அந்த மணலில் கனகாம்பரம் வருமா என்று கேட்டால், வரும் என்கிறாள்.

உன்னிடம் சொன்ன சொல்லை நான் காப்பாற்றவில்லை. அதற்குப் பதிலாக வேறொரு சொல் தருகிறேன், வாங்கிக்கொள். அம்மா சந்தோஷமாக இருக்கிற இடத்திலிருந்து இனி அவளைக் கிளப்ப மாட்டேன். யார் பெயரைச் சொல்லியும் கிளப்ப மாட்டேன் நைனா, உன் பெயரைச் சொல்லியும்.

இப்படிக்கு,
சொன்ன பேச்சு மாறிய உன் பெரிய பொண்ணு,
கலா