தொண்டையில் தெரிந்த வெளிச்சம்

9 ஜனவரி, வெள்ளி
சாங்வியில் எலும்பு வரை குளிர். கீசர் மறுபடி மக்கர். காலையிலிருந்து பட்டினி. கழுத்துக் கட்டிக்குக் கீமோ முடிந்தபின் முதல் பெட் ஸ்கேன் இன்று. சாகண் ஃபேக்டரிக்கு லீவு சொல்லியாயிற்று. ஸ்கேனில் மின்னுவதற்கான சர்க்கரை ஊசி போட்டு, இருட்டறையில் தனியாகப் படுக்க வைத்தார்கள். எதையும் மெல்லக் கூடாது, பேசக் கூடாது. அங்கே யாரோடு பேச? தூங்கிவிட்டேன் போல.

10, சனி
கட்டி போயே போச்சு. ஆனால் குரல்வளையில், இரண்டு பக்கமும், புதிதாக வெளிச்சம். டாக்டரம்மா படத்தைக் காட்டினார். இருட்டிலிருந்து பார்க்கிற இரண்டு கண் மாதிரி.

ஊசிக்குப் பிறகு ரொம்பப் பேசினீர்களா என்றார். பேசினால் அந்தத் தசை சர்க்கரையை இழுத்து, நோய் மாதிரியே மின்னுமாம். இல்லவே இல்லை என்றேன். அப்படியானால் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

வார்டு உதவியாளர் குறுக்கிட்டார். மராத்திக்காரர், எல்லோருக்கும் மாமா. இருட்டறைக்கு வெளியே, உள்ளே பேசுவது கேட்கும் ஸ்பீக்கர், மைக் பக்கத்தில் உட்காருபவர். நான் நிறுத்தாமல் பேசினேனாம். "பிள்ளைகளைக் கூப்பிட்டார் மேடம். போரெ, போரெ என்று." மராத்தியில் போரெ என்றால் பிள்ளைகள். சதை எடுப்பது தள்ளிவைப்பு. வாயை மூடிக்கொண்டு இன்னொரு ஸ்கேன்.

கல்யாணமாகிப் பதினோரு வருடம். எங்களுக்கு ஏது பிள்ளை. ஆட்டோவில் வீடு வரை மாலதி அழுதாள்.

11, ஞாயிறு
பால், கொத்தமல்லி. கீசர்காரன் வரவில்லை, வர மாட்டான். சவரம் செய்யும்போது பட்டென்று புரிந்தது. நான் சொன்னது போரெ இல்லை. போறேன். கன்னத்தில் வெட்டு.

கடைக்குப் போனாலும் போயிட்டு வர்றேன் என்றுதான் சொல்வோம். வெறும் போறேன் என் வாயில் வந்ததே இல்லை. அந்த அறையில் யாரிடம் சொன்னேன்? யார் கூப்பிட்டது? பயமாக இருக்கிறது. மாலதியிடம் சொல்லவில்லை. பிள்ளைகளைத்தான் கூப்பிட்டேன் என்றே நினைக்கட்டும்.

23, வெள்ளி
மறு ஸ்கேன். வார்டு மாமாவிடம் மாலதி கெஞ்சி, வெளியே மைக் பக்கத்தில் இடம் பிடித்துவிட்டாள். உள்ளே உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். பிறகு ஞாபகம் இல்லை.

சாயங்காலமே ரிசல்ட். தொண்டையில் ஒன்றுமில்லை. அன்று மின்னியது பேச்சுதான், நோய் இல்லை. டாக்டரம்மா கை குலுக்கினார்.

ஆட்டோவில் மாலதியைக் கேட்டேன், இன்றைக்கும் பேசினேனா என்று.

"ஒரே ஒரு தடவைங்க."

"என்ன?"

"போறேன்னீங்க. நான் மைக்குல, போயிட்டு வர்றேன்னு சொல்லுங்கன்னேன். சொன்னீங்க. அப்புறம் வாயே தொறக்கலீங்க."