பயோகேஸ் தொட்டிக்கு வயிறு சரியில்லை

ஆரியசாலை, திருவனந்தபுரம்
25-11-2006

சாகவில்லை, ரெனி. நாலைந்து நாள் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது, இப்போது எழும்பிவிட்டது. அப்பாவும் நானும்கூட ஆண்டவர் கிருபையில் சுகம், நீயும் அந்தக் குளிரில் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ முதலில் விசாரித்தது பயோகேஸ் தொட்டியைத்தான். நான் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. அதனால் அதையே முதலில் எழுதினேன்.

உலகத்துச் சாப்பாட்டை மண்ணும் தண்ணீரும் கெடாமல் விளைவித்துத் தின்பது எப்படி என்று நீ ஹாலந்தில் படிக்கிறாய். நல்லதுதான். ஆனால் நீ சொல்லிவிட்டுப் போன இரண்டு காரியமும் ஒரே வீட்டில் நடக்காது. ஒன்று, எதையும் வீணாக்காதே. இரண்டு, வீணாவதைத் தொட்டியில் போட்டு அந்த கேஸில் சமை. முதலாவதை அப்படியே கைக்கொண்டேன். வாழைக்காய்த் தோல் தோரன் ஆனது. தர்ப்பூசணித் தோல் கூட்டானது. கஞ்சித்தண்ணீரை அப்பா குடித்தார். மிச்சமில்லை. ஐந்து பேர் வீட்டுக்கென்று செய்த தொட்டி, இரண்டு பேர் வீட்டில் பட்டினி கிடந்தது. கேஸ் குறையக் குறைய அதன் மூடி இறங்கிக்கொண்டே வந்தது. உன் வாத்தியார் வந்து அடுப்பு எரிவதைக் கண்ணால் பார்த்தால்தான் உன் ஆய்வு முடியும், முடிந்தால்தான் கிறிஸ்துமஸுக்கு வருவேன் என்றாய். எனக்கு வேறு கவலை கிடையாது. அப்பா கடை அடைத்து வந்ததும், ஏட்டி அது ஏதும் தின்னுச்சா என்றுதான் கேட்பார். நான் தின்றேனா என்று கேட்டதில்லை. ஒரு நாள் இல்லை என்றதும் கடையில் அழுகிக் கிடந்த வெங்காயம் ஒரு சாக்கைக் கொண்டுவந்து தள்ளினார். மறுநாள் அடுப்பு பிடிக்கவில்லை. ஒரு நாற்றம். மேல்மாடி பகவதியம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்து, எலிசாளே, இது அஜீரணமாக்கும், எங்க வீட்டு மாப்பிள்ளைக்கும் இதே வாடைதான், ஓமத்தண்ணி கொடு என்றாள். அப்பா இரண்டு பாட்டில் ஊற்றினார். மூடியைத் தட்டியும் கொடுத்தார்.

தொட்டி வைத்துத் தந்த ஸ்ரீஜித் வந்து தலையில் கைவைத்தான். அய்யோ அம்மச்சி, இதினகத்து உள்ளது உயிருள்ள கிருமியாணு, அதுதான் எச்சிலைத் தின்னு கேஸ் உண்டாக்குது, அதுக்குப் போய் மருந்து கொடுத்தா எப்படி என்றான். இரண்டு வாளி பச்சைச் சாணம் கொண்டுவந்து கரைத்து ஊற்றினான். காரம், புளி கூடாது, கொஞ்சங்கொஞ்சமாகக் கொடுங்கள் என்று பத்தியமும் சொன்னான். அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. ஞாயிறு ஆராதனையில் எழுந்து, வீட்டில் ஒருத்தருக்கு வயிறு சரியில்லை, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். பெயர் சொல்லவில்லை.

மறுநாள் ரொட்டி, ஆரஞ்சு, ஹார்லிக்ஸ் எல்லாம் தூக்கிக்கொண்டு சபைப் பெண்கள் ஐக்கியம் வந்து நின்றது. ராகேல்தான் முன்னால். நோயாளி எங்கே என்றார்கள். என்னைப் பார்த்தார்கள். அப்பாவைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் நன்றாகத்தான் இருந்தோம். பின்முற்றத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். பிறகு ராகேல், வந்தது வந்தாச்சு, இதுவும் ஒரு வயிறுதானே என்று கண்ணை மூடினாள். எல்லாரும் தொட்டியைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள். மேலே பகவதியம்மாளும் கைகூப்பி நின்றாள். ரொட்டியை ஹார்லிக்ஸில் ஊறவைத்து ஊட்டினோம். ஆரஞ்சு புளிப்பு, ஆகவே அதை அப்பா தின்றார். புதன்கிழமை மூடி உயர்ந்தது.

நேற்று உன் வாத்தியார் வந்தார், பேச்சை ஸ்ரீஜித் மாற்றிச் சொன்னான். அடுப்பு நீலமாக எரிந்தது. அதிலேயே பால் விடாமல் கட்டன்சாயா போட்டுக் கொடுத்தேன். அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார், உன் ஆய்வு இனி முடிந்த மாதிரிதான் என்றார். பிறகு கேட்டார், இரண்டு பேர் வீட்டில் தினமும் இவ்வளவு எப்படி மிஞ்சுகிறது என்று. வயதாகிவிட்டது, சாப்பாடு இறங்குவதில்லை என்றேன். எழுதிக்கொண்டார். அது உண்மையில்லை, ரெனி. ரொட்டி தீர்ந்ததிலிருந்து உன் பங்கு அரிசியையும் சேர்த்து வடிக்கிறேன். அதைத்தான் அது தின்கிறது. ராத்திரி அப்பா வெகுநேரம் யோசித்துவிட்டு, பிள்ளை வந்து அவ பங்கை அவளே தின்னா இதுக்கு என்னத்தைப் போட என்றார். நீ படித்தவள், வரும்போது யோசித்துக்கொண்டு வா. பதில் கிடைக்காவிட்டாலும் வா.

காலுறை போட்டுப் படு. குளிர்ந்த ரொட்டியையே தின்று நாளைக் கடத்தாதே. இதை உன் வாத்தியார் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் ஒட்டித்தான் தருவேன். டிக்கெட் எடுத்ததும் போன் செய். ஆண்டவர் உன் கூடவே இருப்பார்.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா எலிசாள்

பி.கு. இவ்வளவும் எழுதிவிட்டு எழுந்து போய் மூன்று பேருக்கு அரிசி களைந்து உலையில் போட்டேன்.