அந்த டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்

என்னங்க,

சாப்பாடு மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். சாவி ஜன்னல் விளிம்பில் இருக்கிறது. நேற்று நான் போனில் கத்தியதை நம்பி, நீங்கள் வாங்கி வந்த, ஒலியைப் புதுப்பித்த ரீமாஸ்டர் டிஸ்க்கைத் திருப்பி எடுத்துப்போகக் கடைக்காரர் வருவார். கொடுத்துவிடாதீர்கள். டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை.

"இடது பக்கத்துல டிரம்ஸோட சிம்பல் சத்தத்தையே முழுங்கிட்டானுங்க"ன்னு குதித்தேன் இல்லையா? காலையில் ஒப்பிட்டுப் பார்க்க அதே ராக் ஆல்பத்தின் பழைய டிஸ்க்கைப் போட்டேன். அதிலும் சிம்பலைக் காணோம். ஹெட்போனை இடவலம் மாற்றி மாட்டினேன். வலது காதில் சிம்பல் கணீரென்று கேட்டது. கேட்காதது என் இடது காதுக்குத்தான்.

"எனக்கு நல்லாத்தானே கேக்குது"ன்னு நீங்கள் சொன்னதற்கு, "முதல்ல உங்க காதை டாக்டர்கிட்ட காட்டுங்க"ன்னு எரிந்து விழுந்தேன். இப்போது நான்தான் காது டாக்டரிடம் ஓடுகிறேன். ஸ்டுடியோவிலிருந்து கூப்பிட்டால் தலைவலி என்று சொல்லிவிடுங்கள். சவுண்டு மிக்ஸ் செய்கிறவளுக்கே காது போச்சு என்று தெரிந்தால், நாளைக்கே என் நாற்காலியில் வேறு ஆளை உட்காரவைத்துவிடுவார்கள்.

அடியில் இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். நேற்றுப் படுத்திருந்தபோது உங்கள் உதடு அசைந்ததைப் பார்த்தேன். கோபத்தில் நான் பதில் பேசவில்லை என்று நினைத்திருப்பீர்கள். வலது காது தலையணையில் அழுந்தியிருந்தது. நீங்கள் சொன்னது எனக்குக் கேட்கவே இல்லைங்க.

வந்ததும் இன்னொரு தடவை சொல்லுங்கள். வலது பக்கமாக உட்கார்ந்து சொல்லுங்கள்.