லிஸ்பனிலிருந்து பாரிஸுக்கு இரண்டரை மணி நேரம்

கர்வல்யால், போர்ச்சுகல்
6 பிப்ரவரி 1978

என் அன்பு மகள் தியோலிண்டாவுக்கு அப்பா பெல்மீரு எழுதுவது.

எழுதுவது என்றால் நானே எழுதுவது! இதுவரை உனக்கு வந்ததெல்லாம் நான் சொல்லச் சொல்லத் தபால்காரன் ஃபவுஸ்டு எழுதியது. கோவில் கூடத்தில் நடக்கும் எழுத்து வகுப்பில் எனக்குத்தான் வயது அதிகம், சந்தோஷமும் எனக்குத்தான் அதிகம். பக்கத்து வீட்டு சுல்மீரா எட்டிப் பார்த்து, "நீங்க ஒரு வரி எழுதறதுக்குள்ள நான் ஒரு கோழிய உரிச்சுக் கழுவிடுவேன்" என்கிறாள். கழுவட்டும்.

இருபத்திரண்டாம் தேதி உனக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை, நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று விமானச் சீட்டு அனுப்பியிருக்கிறாய். இரண்டரை மணி நேரம்தான் என்கிறாய். ஃபவுஸ்டுவும், "மொச்சை வேகறதுக்குள்ள போய் இறங்கிடுவீங்கண்ணே" என்கிறான்.

எனக்கு நம்பிக்கை இல்லை, கண்ணு. உன் அண்ணன் அபீலியு பன்னிரண்டு வருடத்துக்கு முன் அதே பாரிஸுக்குத்தான் கிளம்பினான். இன்னும் போய்ச் சேரவில்லை. திருட்டுத்தனமாக எல்லை மலையைத் தாண்டிப் போகிற எல்லாரையும் போலத் தன் புகைப்படத்தைக் கிழித்து ஒரு பாதியை என்னிடம் கொடுத்தான். சேர்ந்ததும் மறுபாதியை அனுப்புவதாகச் சொன்னான். அது வரும் நாளில் நான் வீட்டில் இல்லாவிட்டால்?

வர முடியாது. கோபிக்காதே.

உன் அப்பா
பெல்மீரு

பாரிஸ்
12 பிப்ரவரி 1978

அன்புள்ள அப்பா,

உங்கள் கையெழுத்துக்கு முத்தம் கொடுத்தேன். பிறகுதான் படித்தேன்.

நேற்று ஆஸ்பத்திரியில் நர்ஸ், "உங்காளுங்க யாரும் வரமாட்டாங்களாம்மா?" என்று கேட்டாள். "அப்பா வருவாரு" என்று சொல்லிவிட்டேன். "பயப்படாதீங்க" என்ற டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

அப்பா, நானும் அதே மலையைத் தாண்டித்தான் வந்தேன். என் பாதிப் படம் உங்களுக்கு வந்து சேர்ந்தது. அதனால்தான் என்னைப் பற்றி உங்களுக்குப் பயமில்லையோ?

எனக்குப் பயமாக இருக்கிறது. கண் விழிக்காமலே போய்விட்டால்?

உங்கள் மகள்
தியோலிண்டா

விமானத்தில்
22 பிப்ரவரி 1978

மகளே,

உன் கடிதத்தை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஃபவுஸ்டு படித்திருந்தால் கடைசி வரிகளை விட்டிருப்பான். இத்தனை வருடமும் எதையெல்லாம் விட்டானோ.

லிஸ்பனில் மூடுபனி. நேற்று விமானம் கிளம்பவில்லை. இந்நேரம் உன்னை உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். எழுதாவிட்டால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

"பெரியவரே, அந்தக் கைப்பிடிய விடுங்க. விமானம் ஒண்ணும் அதுல தொங்கல" என்றான் பக்கத்தில் இருந்த, பாரிஸில் வேலை செய்யும் கொத்தனார். அடுத்த குலுக்கலில் அவனும் சிலுவை போட்டுக்கொண்டான். சற்றுப் பொறுத்து, "வலப்பக்கம் பாருங்க. நாங்கல்லாம் நடந்து வந்த மலை அதுதான்" என்றான்.

பார்த்தேன். முழுக்கப் பனி. வீடில்லை, புகையில்லை. உன் அண்ணன் பெயரை எழுதலாம் என்று தொடங்கினேன். முடிப்பதற்குள் மலை பின்னால் போய்விட்டது.

அவன் அங்கேதான் இருக்கிறான், தியோலிண்டா. எனக்கு எப்போதோ தெரியும். நீ அதன்மேல் நடந்தபோது உனக்குக் குளிரெடுத்ததா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

விமானம் இறங்குகிறது. காது அடைத்துவிட்டது. இரண்டரை மணி நேரம் உண்மைதான், இந்தத் தாள்கூட நிறையவில்லை. இதைத் தபாலில் போடப் போவதில்லை. உன் கையில் வைக்கும்படி அந்த நர்ஸிடம் கொடுத்துவிட்டுக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன்.

எழுத்து மோசம். படிக்க அவசரமில்லை. கண்ணை மட்டும் திற.

அப்பா