யூபெய் பொறுக்கிய காசு

யாங்சோ
9 மே 1986

அன்புள்ள ஜிஹெங் அண்ணனுக்கு,

இங்கே நலம். கூடப் பிறக்காவிட்டாலும் பழைய காசு சேர்க்கும் பித்தால் எனக்கு அண்ணன் ஆனவர் நீங்கள்; மூன்று மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபம்தான், ஆனால் இன்றைக்கு அதை வைத்துக்கொள்ள முடியவில்லை.

என் வீட்டுக்காரி யூபெய் பழைய உலோக நிலையத்தில் எடை போடுகிறாள் அல்லவா? உருக்கப்போகிற பித்தளைக் காசுக் குவியலில் எனக்காகத் துழாவுவாள். அதே எடைக்கு வேறு பித்தளை போட்டுவிட்டு எடுத்து வருவாள். போன வாரம் வந்ததில் ஒன்றைத் தேய்த்தால், சதுர ஓட்டைக்கு மேலும் கீழும் ‘ச்சீஷியாங்’ என்றிருக்கிறது.

சிங் வம்சம் சரிந்துகொண்டிருந்தபோது ஒரு சிறுவனை அரியணையில் ஏற்றி, அவன் ஆட்சிக்கு வைத்த பெயர் இது. சில வாரங்களில் பெயரையே மாற்றி, வார்த்த காசுகளை உருக்கிவிட்டார்கள் என்று அவளுக்கு விளக்கினேன். “அப்போ இது தப்பிச்சு வந்ததுன்னு சொல்லுங்க” என்றாள். அன்றிலிருந்து அவள் நடையே வேறு.

காசின் மேல் தாளை வைத்து ஒற்றி எடுத்த மைப்படி இணைத்திருக்கிறேன். உங்கள் கண் சொன்னால்தான் எனக்கு உறுதி.

தம்பி,
ஷாவ்தாங்


தியான்ஜின்
2 ஜூன் 1986

அன்புத் தம்பி,

எழுதாதது என் தவறு. முதுகுவலியில் நாற்காலியில் உட்காரவே முடியவில்லை.

மைப்படியை வைத்துச் சொல்ல முடியாது. அசலிலிருந்து அச்செடுத்து மறுபடி வார்த்தால் காசு மயிரிழை சிறுத்துப்போகும். அளந்துதான் பார்க்க வேண்டும். செப்டம்பரில் இங்கே நாணயச் சங்கக் கூட்டம் இருக்கிறது. யூபெய்யையும் கூட்டிக்கொண்டு வா. அதுவரை யாருக்கும் காட்டாதே. முப்பது வருஷமாக நான் தேடும் காசு அது என்று உனக்குத் தெரியும்.

உன் அண்ணன்,
ஜிஹெங்


யாங்சோ
18 அக்டோபர் 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

கூட்டத்திலிருந்து சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டதற்கு மன்னியுங்கள். உங்களை நாற்பது பேர் முன்னால் சங்கடத்தில் வைத்துவிட்டேன். நீங்கள் அளந்து பார்த்து, “இது மறுவார்ப்பு தம்பி, சின்னதா இருக்கு” என்று சொன்னதில் தப்பில்லை. உள்ளதைத்தானே சொன்னீர்கள். பின்வரிசையில் யாரோ யூபெய்யைப் ‘பழைய பித்தளை மகாராணி’ என்று அவள் காதுக்கும் எட்டும்படி உரக்கச் சொல்லிச் சிரித்ததுதான் அவளைத் தைத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும், “என்னாலதான உங்களுக்கு இந்த அவமானம்” என்றாள்.

இப்போது குவியல் பக்கமே போவதில்லை. இருமல் வேறு விடாமல் இருக்கிறது. மருத்துவர் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

தம்பி,
ஷாவ்தாங்


தியான்ஜின்
12 மார்ச் 1987

தம்பி ஷாவ்தாங்,

உன் கடிதத்துக்கு ஐந்து மாதம் பதில் போடாதவன் இன்று எழுதுகிறேன். சுற்றிவளைக்கவில்லை. அந்தக் காசு அசல். அளவும் சரியாகவே இருந்தது. உள்ளங்கையில் வாங்கியபோதே எனக்குத் தெரியும்.

நான் அலைந்து கிடைக்காதது எடைக்குப் போட்ட குவியலில் உன் மனைவிக்குக் கிடைத்ததே என்று வயிறு எரிந்தது. வாய் அப்படிச் சொல்லிவிட்டது. திருத்திக்கொள்ள நேரம் இருந்தது, திருத்தவில்லை. போன வாரம் சங்கத்தில் உன் பேச்சு வந்ததும் ஒருவர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் இதை எழுத வைத்தது.

அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறேன். முதலில் யூபெய்யிடம் சொல். அவளிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

ஜிஹெங்


யாங்சோ
7 ஏப்ரல் 1987

திரு. மோ ஜிஹெங் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

யூபெய் ஜனவரி இருபதாம் தேதி இறந்துவிட்டாள். நுரையீரலில் கட்டி. தகவல் சொல்லாததற்குக் காரணம் எதுவுமில்லை. எழுத உட்கார்ந்தால் பேனா ஓடவில்லை.

கடைசி வாரத்தில் ஒருநாள், “நெசமாவே அது போலிதானா?” என்று கேட்டாள். “அண்ணன் கண்ணு தப்பாது” என்றேன். தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். உங்கள் பொய்யை அவளிடம் கடைசியாகச் சொன்னது நான்.

கூட்டத்தில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். நீங்கள் இங்கே வர வேண்டாம்.

முந்தாநாள் சிங்மிங், இறந்தவர்களின் கல்லறைக்குப் போகும் நாள். கல்லறையைப் பெருக்கி, அவள் செலவுக்குக் காகிதப் பணம் எரித்துவிட்டு, உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் உரக்க, இரண்டு தடவை படித்தேன்.

ஃபே ஷாவ்தாங்