திரைக்குப் பின்னால் நின்றவளுக்கு

நேற்றுக் கட்டியிருந்த புடவையை இன்று காலையில் துவைக்க எடுத்தேன். புகை மெஷின் வாசனை அப்படியே இருந்தது. சர்க்கரைப் பாகு மாதிரி லேசான தித்திப்பு. கிறிஸ்துமஸ் சமயத்தில் உன்மேல் அடிக்கிற வாசனை. மோந்ததும் எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்மேல் எனக்கிருக்கும் பொறாமை மட்டும் இன்னும் தீரவில்லை, போ.

பின்னே என்ன? மழை பிடிப்பதற்கு முன்பே ஆரம்பித்து, டவுன்ஷிப் பிள்ளைகளைக் குனியவைத்து நிமிரவைத்து ஆடச் சொல்லிக்கொடுப்பவள் நான். கிளப் ஹாலில் கிறிஸ்துமஸ் விழா அன்று, தேவதூதர்கள் ஆடுகிற நேரத்தில் நீ ஒரு பொத்தானை அமுக்குவாய். மேடைத் தரையில் வெள்ளை மேகம் பரவும். ஹாலே அதிரும். மறுநாள் மார்க்கெட்டில் பார்க்கிறவர்களெல்லாம், "டீச்சர், அந்தப் புகை சூப்பருங்க, யாரு போட்டாங்க?" என்பார்கள். என் பிள்ளைகளின் காலைப் பற்றி ஒருவர் பேசியதில்லை. கணுக்கால் வரைக்கும் புகை மூடியிருந்தால் எங்கே பார்ப்பது?

இத்தனைக்கும் உனக்கு அது தொழில்கூட இல்லை. என்னைவிடச் சின்னவள். சுரங்கத்தில் எலெக்ட்ரிக்கல் பிரிவில் வேலை, அதுவும் பர்மனென்ட். அடுத்த குவார்ட்டர்ஸிலிருந்து அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு நீ ஸ்கூட்டியில் கிளம்புவதை, நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்ப்பேன். வயிறு எரியும். மறைப்பானேன்.

முதல் வருஷம் நினைவிருக்கிறதா? மெஷின் கடலூரிலிருந்து வாடகைக்கு வந்திருந்தது. முன்வரிசை விருந்தினர் கைக்குட்டையால் விசிறிக்கொள்வதைப் பார்த்து யாரோ ஃபேனைப் போட்டுவிட்டார்கள். தரையோடு கிடந்த புகை எழும்பிக் கூரைக்குப் போனது. அலாரம் கத்தியது. சுரங்க ஊரில் தீ என்றால் யாரும் விளையாடமாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஹெல்மெட்டும் ஹோஸுமாக ஃபயர் ஸ்டேஷன் ஆட்கள் பக்கவாட்டுக் கதவு வழியே மேடைக்கே வந்துவிட்டார்கள். ஜனங்கள் அசையவே இல்லை. பாதுகாப்பு வாரத்தில் இதே மேடையில் தீயணைப்பு நாடகம் பார்த்துப் பழகியவர்கள் ஆயிற்றே. இதுவும் அந்த மாதிரிதான் என்று எழுந்து நின்று கைதட்டினார்கள். என் தேவதூதர்களுக்கு யாரும் எழுந்து நின்றதில்லை.

அடுத்த வருஷம் விழாக் கமிட்டிக்காரர் ஒருவர், கூரையிலிருக்கிற புகை உணரும் கருவிகளுக்கெல்லாம் பாலிதீன் கவரைக் கட்டிவிடலாம் என்றார். நானும் தலையாட்டினேன். நீதான் மசியவில்லை.

"அதோட கண்ணக் கட்டிட்டு நாமளும் டான்ஸ் பாத்துக்கினு இருந்தா, நெசமாவே தீ புடிச்சா யாருங்க பாக்கறது?"

ஃபயர் ஸ்டேஷனுக்கு நேரில் போய் அனுமதி கேட்டாய். அவர்களே வந்து அந்த ஹால் அலாரத்தை மட்டும் நிறுத்திவைத்தார்கள். ஒருவர் தீயணைப்பானோடு ஹாலுக்குள் நின்றார். ஐஸ் நிரப்பிய பெட்டி வழியாகப் புகையை விட்டாய், குளிர்ந்த புகை சீக்கிரம் மேலே எழும்பாது என்று. ஃபேன் சுவிட்சுகளின்மேல் டேப் ஒட்டினாய். விழா முடிந்ததும் கதவுகளைத் திறந்துபோட்டு, புகை கலைந்த பின் அலாரத்தைத் திரும்பப் போடவைத்து, பச்சை விளக்கு எரிவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கிளம்புவாய். அந்த ஃபயர் ஆபீசர் உன்னை வாய் நிறைய "மேடம்" என்பார். என்னை "டான்ஸ் சொல்லித் தர்றவங்க" என்பார்.

இதெல்லாம் போதாதென்று, ஒவ்வொரு வருஷமும் வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு குறை சொல்வாய். "டீச்சர், ரெண்டாவது பாட்டுல ஒரு பொண்ணு கால் தாளத்துக்கு முந்திக்கிச்சே, கவனிச்சீங்களா?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"உனக்கு எதுக்குடி அதெல்லாம்? நீ புகையப் பாரு."

"நான் எங்க டீச்சர் பாத்தேன்?" என்று சிரித்தாய். கிண்டல் என்று நினைத்து மறுநாள் முழுக்க உன்னோடு பேசவில்லை.

இந்த வருஷம் நீ இல்லை. புகை இல்லாமல் ஜனங்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்று கமிட்டியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். வேறு ஆளைப் போட்டு அவர் பெயர் வாங்கிக்கொண்டு போவதற்குப் பதில் நானே செய்கிறேன் என்று வீம்பாக ஏற்றுக்கொண்டேன். நேற்று மாலை அதே ஆபீசர் வந்து அலாரத்தை நிறுத்தினார். பிறகு என்னைப் பின்திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். லைட் ஒயர்களெல்லாம் ஒன்றாகச் சேர்கிற மூலை.

"மேடம் இங்கதாங்க நிப்பாங்க. தீ புடிச்சா இங்கதான் புடிக்கும்னு சொல்லுவாங்க."

"இங்கேருந்து மேடையே தெரியலையே."

"ஒரு வாட்டிகூட எட்டிப் பாத்ததில்லீங்க. கண்ணு ஒயரு மேலயே இருக்கும். பாட்டு முடியறவரைக்கும் இப்டியேதான் நின்னுக்கினு இருப்பாங்க."

பாட்டு தொடங்கியது. பொத்தானை அமுக்கிவிட்டு ஒயர்களைப் பார்த்தபடி நின்றேன். முன்னால் கறுப்புத் துணி, அவ்வளவுதான். ஆனால் பலகை மேடையில் சலங்கைக் கால்கள் விழுவது ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது. எந்தக் கால் எந்தப் பிள்ளையுடையது என்று எனக்கே தெரிந்தது. ஹாலில் ஒருவரும் பார்க்காத அந்தக் கால்களை, ஒரு வருஷம்கூட விடாமல் நீ இங்கே நின்று கேட்டிருக்கிறாய். என் நாட்டியத்தைக் கவனித்த ஒரே ஆள் நீதான். இத்தனை வருஷமும் அந்த இடத்தில் நின்று அதைக் கேட்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்று அதற்கும் பொறாமை வந்தது. மூன்றாவது பாட்டில் கடைசியில் நின்ற பெண் கால் முந்திவிட்டாள்.

கைதட்டல் அதிர்ந்தது. புகைக்குத்தான். கதவுகளைத் திறந்துபோட்டேன். பச்சை விளக்கு எரிந்ததைப் பார்த்தேன். நாம் வருகிற வழியிலேயே நடந்து வந்தேன். உன் குவார்ட்டர்ஸில் இப்போது வேறு குடும்பம். அவர்கள் கேட்டுக்கு எதிரே கொஞ்சநேரம் நின்றேன்.

மூன்றாவது பாட்டில் ஒரு பெண் கால் முந்திவிட்டாள். இப்படிச் சொல்ல உனக்காவது நான் இருந்தேன்.