சின்னப் பெட்டி வாங்கிவிட்டேன்

ரூஹிக்கு,

உன் அம்மா இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள் என்று உன் தம்பி ஃபயாஸ் சொன்னான். சந்தோஷம்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள நீ போன நாலாம் நாள் கடைக் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. உன் டிசைன்கள் பென்டிரைவில் பத்திரமாக இருக்கின்றன. எம்பிராய்டரி மெஷினில் அந்தப் பழைய மாங்காய் டிசைனையே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நேற்று ஒரு கல்யாணப் பெண் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, எங்கம்மா ஜாக்கெட்லயும் இதான் கீது" என்றாள்.

பூந்தமல்லிக்குப் போனேன். கம்ப்யூட்டர் கடைப் பாண்டியன், சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைக் காட்டினான். "மூணு மாசம் வெய்ட் பண்ணுக்கா, புது மாடல் வருது."

"அதுக்குள்ள தை முகூர்த்தமே முடிஞ்சிடும் நைனா."

"சரி, டிசைன் யார் போடுறது? ரூஹிதான் இல்லியே?"

வாங்கிவிட்டேன். மானிட்டர் மட்டும் இரண்டு. ஒன்று கள்ளிக்குப்பத்தில், நம் கடையில் இருக்கிறது. இன்னொன்றை ஞாயிற்றுக்கிழமை குத்தம்பாக்கத்துக்கு, உன் வீட்டுக்கே கொண்டுவருகிறேன். ஃபயாஸ் வீட்டில் இருக்கும் நாள்களில் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வா. மற்ற நாள்களில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தே வரை.

நீ கிளம்பிய அன்றைக்கு உன்னிடம், "கடையா, அம்மாவா, ஒண்ணச் சொல்லு" என்று கேட்டேன். அதற்கு நீ பதில் சொல்ல வேண்டாம். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டடி மேசை போட இடம் இருக்கிறதா என்று மட்டும் அளந்து சொல்.

இன்னமும்
உன் பார்ட்னர்